காய்ச்சினாலும் போகாதவை: கட்டுத்தரையிலிருந்து சொசைட்டி வரை பாலைக் காக்கும் முறை

நோயில்லாத மாட்டின் மடிக்குள் இருக்கும் பாலில் கிருமி மிகக் குறைவு. அதே பால் ஒரு மணி நேரத்தில் பால் கூட்டுறவு சொசைட்டிக்குப் போய்ச் சேரும்போது ஒரு மில்லியில் பல லட்சம் கிருமி இருக்கலாம். கை, காம்பு, பால் பீச்சும் பாத்திரமான போசி, வடிகட்டும் துணி, சோளத்தட்டுத் தூசி, இவற்றோடு பாலின் சூடு. இடையில் சேர்ந்தது இவ்வளவுதான்.

"எப்படியும் காய்ச்சித்தானே குடிக்கிறார்கள்" என்று பண்ணையத்தில் பலர் சொல்வார்கள். காய்ச்சினால் பெரும்பாலான கிருமி சாகும், உண்மைதான். ஆனால் புளிக்கத் தொடங்கிய பால் காய்ச்சினால் திரியும். தூசியோடு விழுந்த சில கிருமிகளின் வித்துகள் கொதியையும் தாங்கும். புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சும், மாட்டுக்குப் போட்ட மருந்தும் எவ்வளவு கொதித்தாலும் பாலில் அப்படியே நிற்கும். அந்தப் பால் குழந்தையின் டம்ளருக்குத்தான் போகிறது. பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாதவற்றை மாடு கட்டும் கட்டுத்தரையிலேயே தடுத்தாக வேண்டும்.

பீச்சுவதற்கு முன்

சாணி வழித்து, தரை கழுவும் வேலை பீச்சுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். மாட்டைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் சீமாறு போட்டால் கிளம்பும் தூசி நேராகப் போசிக்குள் விழும். சோளத்தட்டு, கடலைக்கொடி, வைக்கோல் எதையும் பீச்சும் நேரத்தில் உதறிப் போடக் கூடாது. மாடு அசையாமல் நிற்க ஏதாவது வேண்டுமென்றால் தவிட்டையும் புண்ணாக்கையும் பிசிறி ஈரமாக வையுங்கள். உலர்ந்த மாவாக வைத்தால் மாடு ஊதுகிற ஊதில் தொட்டி முழுக்கப் புழுதி.

மடியிலும் பின்தொடையிலும் நீண்ட மயிரை மாதம் ஒருமுறை கத்தரித்துவிடுங்கள். சாணி ஒட்டிக் காய்ந்து, பீச்சும்போது உதிர்வது அந்த மயிரிலிருந்துதான். வாலைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அதன்பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பலர் முதலில் கை கழுவிவிட்டு அப்புறம் வாலைக் கட்டுகிறார்கள். கழுவினது வீண். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சளி, இருமல், கையில் சீழ்க்கட்டி உள்ளவர் அன்றைக்குப் பீச்ச வேண்டாம். வண்டியில் வந்து ஊரெல்லாம் பீச்சிப் போகிற கறவைக்காரரை வைத்திருந்தால், உங்கள் கட்டுத்தரையில் ஒரு சோப்பும் தண்ணீரும் வைத்துக் கேட்டுக் கழுவ வையுங்கள். நாலு தோட்டத்து மடிநோய் ஒரே கையில் வந்து சேரும்.

இனி மடி கழுவுவது. இங்கேதான் நல்லெண்ணத்தோடு செய்யும் பெரிய தப்பு நடக்கிறது. மடி முழுக்கச் சொம்புத் தண்ணீரை ஊற்றி, கையால் தடவிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டப் பீச்ச உட்காருகிறார்கள். மடியின் அழுக்கெல்லாம் கரைந்த அந்தத் தண்ணீர் காம்பு வழியாக இறங்கிப் பாலில்தான் விழும். மடி சுத்தமாக இருந்தால் காம்புகளை மட்டும் கழுவினால் போதும். சாணி அப்பியிருந்தால் மடியைக் கழுவலாம், ஆனால் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் ஆக்கிய பிறகே பீச்ச வேண்டும். கழுவும் தண்ணீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தண்ணீர் லேசான ரோஜா நிறத்துக்கு வரும் அளவு மட்டும் கலக்கலாம். கருஞ்சிவப்பாகக் கலக்கினால் காம்புத் தோல் வெடிக்கும்.

மாட்டுக்கு ஒரு துணி. நாலு மாடு கறந்தால் நாலு துணி, பீச்சி முடித்ததும் கொதிதண்ணீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். ஒரே துண்டால் நாலு மடியையும் துடைப்பது நோயைக் கையெடுத்துப் பரிமாறுவதுதான்.

பீச்சும்போது

முதல் மூன்று நான்கு பீச்சுப் பாலைப் போசியில் விடாதீர்கள். காம்புத் துவாரத்தில் தங்கியிருக்கும் கிருமி இந்தப் பாலோடுதான் வெளியே வரும். அதைத் தரையிலும் விடக் கூடாது, கையிலும் விடக் கூடாது. அடியில் கருப்பு நிறமுள்ள ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் தனித்தனியாக அதில் பீச்சிப் பாருங்கள். கருப்பின் மேல் நல்ல பால் ஒரே சீராகப் படரும். ரவை மாதிரிச் சிறு திப்பி, நூல் மாதிரி இழை, தண்ணீர்த்தன்மை, இளஞ்சிவப்பு எது தெரிந்தாலும் அந்தக் காம்பு சரியில்லை. எவர்சில்வர் போசிக்குள் நேராகப் பீச்சினால் இது எதுவுமே கண்ணில் படாது. ஒரு கிண்ணத்தின் செலவில் மடிநோயை முதல் நாளிலேயே பிடித்துவிடலாம்.

காம்பைத் துடைத்த ஒரு நிமிடத்துக்குள் பீச்சத் தொடங்குங்கள். தொடுதலால் மூளையிலிருந்து சுரந்து பாலை இறக்கும் ஹார்மோன் ஐந்தாறு நிமிடந்தான் வேலை செய்யும். துடைத்துவிட்டு போனில் பேசப் போனால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதை மடியிலேயே விட்டால் சொசைட்டியில் கொழுப்பும் குறையும், மடியும் கெடும். ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் முழுக்க இறக்கிவிட வேண்டும்.

பிடி முக்கியம். காம்பை முழு உள்ளங்கையில் பிடித்து, மேலிருந்து கீழாக விரல்களை ஒவ்வொன்றாக இறுக்குவதே சரியான முறை. கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவில் காம்பை நெரித்துப் பீச்சுவது நம் பக்கத்தில் ரொம்ப நாள் பழக்கம். அது காம்பின் உள்சவ்வை நசுக்கும். புண்ணான இடத்தில் கிருமி குடியேறும். வருடக்கணக்கில் அப்படிப் பீச்சிய மாட்டின் காம்புக்குள் கட்டி உருட்டுவதைத் தொட்டே உணரலாம். விளக்கெண்ணெயோ தண்ணீரோ பாலோ தொட்டுக்கொண்டு பீச்சுவதையும் விட்டுவிடுங்கள். உலர்ந்த கையால் பீச்சினால் ஒன்றும் ஆகாது, மாடு இரண்டு நாளில் பழகிவிடும்.

காங்கேயம் மாடும் எருமையும் பெரும்பாலும் கன்று ஊட்டாமல் பால் இறக்காது. ஊட்டிவிட்ட பிறகு கன்றின் எச்சில் படிந்த காம்பைக் கழுவித் துடைத்துவிட்டே பீச்ச வேண்டும். கன்று இல்லையென்று ஆக்சிடோசின் ஊசி போட்டுப் பீச்சாதீர்கள். மாட்டின் உடம்பைக் கெடுத்துப் பால் இறக்கப் போடும் ஊசியை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது.

பீச்சி முடித்ததும் காம்புத் துவாரம் உடனே மூடாது, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை திறந்தே இருக்கும். இரண்டு வேலை செய்யுங்கள். 5 சதவீத போவிடோன் அயோடின் 6 பங்கு, கிளிசரின் 1 பங்கு கலந்து, சிறு குப்பியில் ஊற்றி, நாலு காம்பையும் ஒவ்வொன்றாக முக்கி எடுங்கள். கிளிசரின் இல்லாவிட்டால் காம்பு வறண்டு வெடிக்கும். காம்பு முக்கியெடுத்த மருந்தின் மீதியை மறுபடி பெரிய பாட்டிலில் ஊற்றக் கூடாது. இரண்டாவது வேலை, பீச்சியதும் தட்டோ பசும்புல்லோ போட்டு மாட்டை நின்றுகொண்டே தின்ன வைப்பது. பீச்சியதும் சாணியில் படுக்கும் மாடுதான் முதலில் மடிநோய்க்கு ஆளாகும்.

வரிசையும் உண்டு. தலையீத்து மாடு முதலில், நோயில்லாத மாடு அடுத்து, மடிநோய் உள்ளது கடைசியில்.

பீச்சும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெற்றிட அளவு 40 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் காம்பு நுனி வெளியே பிதுங்கித் தடித்துவிடும். துடிப்பு நிமிடத்துக்கு 60. பால் நின்ற பிறகும் மாட்டி வைத்திருப்பதும், வெற்றிடத்தை மூடாமல் இழுத்துக் கழற்றுவதும் மடியைக் கெடுக்கும். காம்பின் மேல் மாட்டும் ரப்பர் குழாய் சுமார் 2500 கறவைக்குத்தான். ஐந்து மாட்டுக்கு இருவேளை என்றால் 250 நாளில் தீரும். இந்தக் கணக்கு முடியாவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள், வெடித்த ரப்பரின் கீறலுக்குள் எந்தச் சோப்பும் போகாது.

கண்ணுக்குத் தெரியாத மடிநோய்

மடி வீங்கி, சுட்டு, பால் திரிந்து வந்தால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளியே எதுவும் தெரியாமல் உள்ளுக்குள் இருக்கும் மடிநோய்தான் அதிகம். பால் கொஞ்சம் குறையும், லேசாக உப்புக் கரிக்கும், சொசைட்டியில் எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இறங்கும். தீவனம் சரியில்லை என்று நினைத்துப் புண்ணாக்கைக் கூட்டிக்கொண்டே இருப்போம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். துணி துவைக்கும் தூள் 3 கிராம் எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். நாலு சின்னக் கிண்ணத்தில் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாக எடுத்து, பாலின் அளவுக்கே கரைசலையும் ஊற்றி, அரை நிமிடம் வட்டமாகச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய் இருந்தால் கொழகொழவென்று திரண்டு, கிண்ணத்தைச் சாய்த்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி மொத்தமாக நகரும். கிருமியோடு போராட மடிக்குள் வந்த வெள்ளை அணுக்களைச் சோப்பு உடைப்பதால் வரும் பசை அது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லா மாட்டுக்கும் பாருங்கள். எந்த மாடு, எந்தக் காம்பு என்று சுவரில் எழுதி வையுங்கள். கன்று ஈன்ற முதல் சில நாள் எல்லாப் பாலும் கொஞ்சம் திரளும், அப்போது பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆரம்ப நிலைக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் வளர்ந்து, தேசிய பால்வள வாரியம் நாடு முழுக்கப் பரப்பிய மூலிகை மருந்து ஒன்று உண்டு. தோலோடு சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். சிவந்த கெட்டி விழுதாக வரும். பாலை முழுக்கப் பீச்சி வெளியேற்றி மடியைக் கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். நாளைக்கு 8 முதல் 10 தடவை, ஐந்து நாள். ஒவ்வொரு தடவையும் பழைய பூச்சைக் கழுவிவிட்டே புதிதாகப் பூச வேண்டும். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். இரண்டு வேளை பூசிவிட்டு "கேட்கவில்லை" என்பவர்கள் அதிகம், அந்த எட்டுத் தடவையில்தான் பலன் இருக்கிறது.

மடி கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் வந்து தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் ரத்தமோ தண்ணீரோ வந்தாலோ பூச்சை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரை வரவழையுங்கள். 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

ஈனுவதற்கு 60 நாள் முன்பே பால் வற்ற வைப்பதும், அப்போது மருத்துவர் கையால் காம்புக்குள் மருந்து ஏற்றுவதும் அடுத்த ஈத்தின் மடியைக் காக்கும். ஈனும் வரை பீச்சிக்கொண்டே இருப்பது லாபம் மாதிரித் தெரியும். அடுத்த ஈத்தில் பால் குறையும்.

மருந்து போட்ட மாட்டின் பால்

காம்புக்குள் ஏற்றினாலும், ஊசியாகப் போட்டாலும், நுண்ணுயிர்க் கொல்லி மருந்து பாலில் வரும். ஒரு காம்புக்கு மட்டும் ஏற்றியிருந்தாலும் ரத்தம் வழியாக மற்ற மூன்றிலும் வரும். அதனால் "அந்தக் காம்பை மட்டும் விட்டுவிட்டுப் பீச்சினோம்" என்பது செல்லாது. மருந்துப் பெட்டியில் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும். அது கடைசி மருந்து போட்ட நேரத்திலிருந்து கணக்கு, முதல் ஊசியிலிருந்து அல்ல. அப்படிக் காலம் உறுதி செய்யப்படாத மருந்துக்குப் பாலைக் குறைந்தது ஏழு நாள் விலக்க வேண்டும் என்பது இந்திய மருந்து விதி. மருத்துவர் ஊசி போட்டதும் "எத்தனை வேளைப் பால் ஊற்றக் கூடாதுங்க?" என்று கேட்டு, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாட்டின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிட்டால், வீட்டில் வேறு யார் பீச்சினாலும் மறக்காது.

அந்த ஒரு மாட்டுப் பால் சொசைட்டித் தொட்டியில் இருநூறு வீட்டுப் பாலோடு கலந்துவிடும். மருந்து கலந்த பாலில் தயிர் உறையாது, உறை கிருமியே செத்துப்போகும். குடிப்பவர் உடம்பில் அதைவிடப் பெரிய கேடு: கிருமிகள் மருந்துக்குப் பழகி, நாளை அதே மருந்து அவர்களுக்கு வேலை செய்யாமல் போகும். விலக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள், குழியில் ஊற்றிவிடுங்கள். உண்ணி மருந்தும் அப்படியே. பீச்சி முடித்த பிறகே தெளிக்க வேண்டும், அடுத்த வேளை மடியைக் கழுவாமல் பீச்சக் கூடாது, அந்த லேபிளில் சொன்ன விலக்கு நாளையும் பார்க்க வேண்டும்.

புண்ணாக்கில் இருக்கும் நஞ்சு

இது நம் பகுதிக்கு மிக முக்கியம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அஃப்லாடாக்சின் எம்1 என்ற நஞ்சு 368 மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. எண்ணிக்கையில் நாட்டிலேயே இதில் அதிகம் நம் மாநிலந்தான். யாரும் பாலில் கலந்ததல்ல, தீவனம் வழியாக வந்தது.

கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் மூன்றும் ஈரம் பட்டால் ஒரு பச்சை மஞ்சள் பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் நஞ்சு மாட்டின் ஈரலில் மாறி, தின்ற மறுநாளே பாலில் வரும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஈரலைக் கெடுத்து, நாள்பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகும் நஞ்சு. காய்ச்சினாலும், தயிராக்கினாலும், பால்கோவா கிண்டினாலும் போகாது. ஆறுதலான செய்தி, கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும்.

புண்ணாக்கு வாங்கும்போது ஒரு கட்டியைக் கையால் உடைத்து, உள்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேலே பழுப்பாக நன்றாக இருக்கும், உள்ளே விரிசல் ஓரமாகப் பச்சை கலந்த மஞ்சளில் பொடி படிந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் பூட்டிக் கிடந்த அறையின் முடை வரும். நல்ல புண்ணாக்கு எண்ணெய் மணந்து, உடைத்தால் பொரபொரவென்று உதிரும். மக்காச்சோளத்தைக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், பல் அமுங்கினால் ஈரம் இருக்கிறது. 12 சதவீத ஈரத்துக்குக் கீழே காய்ந்ததுதான் இருப்பு வைக்க ஆகும். கோழித் தீவனத்துக்கு ஆகாதென்று ஒதுக்கிய சோளம் மலிவாக வந்தால் வாங்காதீர்கள், கோழிக்கு ஆகாதது கறவை மாட்டுக்கும் ஆகாது. பூஞ்சை தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், வாங்குகிற இடம் ஈரமில்லாத கிடங்காக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூட்டையைத் தரையில் போடாமல் அரையடி உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பதினைந்து நாளைக்குத் தேவையானதற்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். பிரித்த மூட்டையை ஈரக் கையால் அள்ளாதீர்கள், அந்தக் கை பட்ட இடத்தில்தான் முதல் பூஞ்சை வரும். ஊறவைக்கும் தாழியை தினமும் தேய்த்துக் கழுவுங்கள், நேற்றைய அடிவண்டலோடு இன்றையதைச் சேர்த்து ஊறவைப்பது கூடாது. பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயவைத்தால் பூஞ்சை உதிரும், நஞ்சு அங்கேயே இருக்கும். நல்லதோடு கலந்து தீர்த்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஆட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடாமல் குழியில் போட்டு மூடுங்கள். பணம் போகிறதே என்று மனசு கேட்காதுதான்.

வாடை வருவதும் தீவனத்தால்தான். பார்த்தீனியம் மேய்ந்த மாட்டுப் பால் கசக்கும். ஊறுகாய்ப் புல் (சைலேஜ்), வெங்காயத் தாள் போன்ற மணம் பிடித்தவற்றைப் பீச்சிய பிறகே போடுங்கள். கொரங்காடு என்ற நம் மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்ற மாட்டுப் பாலுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

போசியும் துணியும்

ஊசிமூலை இல்லாத, வாய் அகன்ற, ஒட்டு இல்லாத எவர்சில்வர் போசிதான் சிறந்தது. பெயிண்ட் வந்த பிளாஸ்டிக் வாளி, எண்ணெய் கேன் எதுவும் பாலுக்கு ஆகாது. பிளாஸ்டிக்கில் விழும் கீறலுக்குள் பால் தங்கும். ஈயம் பூசாத பித்தளையில் பால் நின்றால் செம்பு இறங்கிக் கொழுப்பைக் காறலாக்கும்.

கழுவும் முறை: பால் ஊற்றியதும் உடனே பச்சைத் தண்ணீரோ வெதுவெதுப்பான தண்ணீரோ விட்டு அலசுங்கள். எடுத்ததும் கொதிதண்ணீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு 10 லிட்டர் சுடுதண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு, தூரிகையால் தேய்க்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகத் தேயுங்கள். அலுமினியக் கேனுக்குச் சலவைச் சோடா ஆகாது, அரித்துவிடும், மென்மையான சோப்பு போதும். சாம்பல், மண், செங்கல்தூள் வேண்டவே வேண்டாம். நன்றாக அலசிக் கவிழ்த்து, வெயில் படும் தட்டியில் காயவையுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் கலப்படச் சோதனையில் உங்கள் பால் மாட்டிக்கொள்ளும்.

பீச்சப் போவதற்கு முன் குளோரின் தண்ணீரில் அலசுவது நல்லது. 10 லிட்டருக்கு 7 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். கலக்கித் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, இரண்டு நிமிடம் போசிக்குள் சுழற்றி வடித்துவிடுங்கள்.

கொங்கு நாட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் சப்பைத் தண்ணி. சோப்பு நுரைக்காது, போசியின் உள்ளே வெள்ளைச் செதில் படியும். விரல் நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி வரும். வெறும் உப்பென்று விட்டுவிடாதீர்கள். தண்ணீரின் சுண்ணாம்பும் பாலின் புரதமும் சேர்ந்து இறுகிய அந்தப் படிவுக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும், குளோரின் உள்ளே போகாது. வாரம் ஒருமுறை கெட்டியான புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து எடுங்கள். கடைசி அலசலுக்குக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ மழைத்தண்ணீரோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

வடிகட்டும் துணி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், ஓரம் மஞ்சளாகி, மடித்தால் விறைப்பாக. முகர்ந்து பாருங்கள், புளிப்பு வாடை வந்தால் அந்தத் துணிதான் உங்கள் பாலைக் கெடுக்கிறது. வடிகட்டினால் மயிரும் தூசியும் போகும், கிருமி போகாது. கழுவாத துணியில் வடிகட்டினால் கிருமி கூடத்தான் செய்யும். எவர்சில்வர் வலை வாங்கிவிடுங்கள். துணிதான் என்றால் ஒவ்வொரு வேளையும் கொதிக்க வைக்க வேண்டும்.

சூடு ஆறுவதற்குள்

மடியிலிருந்து வரும் பால் உடல் சூட்டிலேயே இருக்கும், கிருமிக்கு அதைவிட நல்ல சூடு இல்லை. அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் மூன்று மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். தொடக்கத்தில் நூறு இருந்ததா, லட்சம் இருந்ததா என்பது இங்கேதான் முக்கியமாகிறது. 4 டிகிரிக்குக் குளிர்ந்தால் பெருக்கம் ஏறக்குறைய நிற்கும், ஆனால் ஏற்கெனவே இருப்பது குறையாது. சொசைட்டிக் குளிரூட்டியை நம்பித் தாமதிக்காதீர்கள்.

பீச்சியதிலிருந்து சொசைட்டி அரை மணி, ஒரு மணிக்குள் இருக்கட்டும். வண்டி வரும் நேரத்துக்கு ஏற்பப் பீச்சுங்கள். கரூர், ஈரோடு பக்கம் சித்திரை வெயிலில் மாலைப் பால்தான் கெடும். காத்திருக்க வேண்டியிருந்தால் கேனைத் தண்ணீர்த் தாழிக்குள், பால் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி இறக்கி நிழலில் வையுங்கள். வண்டியில் கொண்டுபோகும்போது நனைந்த கோணிச்சாக்கைச் சுற்றுங்கள். மாலைப் பாலைக் குளிரவைத்துக் காலையில் ஊற்றுவதென்றால் சூடான காலைப் பாலை அதில் கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து கெடும். புளிக்காமல் இருக்கச் சோடா போடுவது குற்றம், சோதனையில் தெரிந்தும்விடும்.

ஈன்ற முதல் ஐந்து நாள் சீம்பால் கன்றுக்குத்தான். ஒரு சொம்பு சொசைட்டியில் விழுந்தால் மொத்தக் கேனும் காய்ச்சும்போது திரியும்.

சந்தை மாடும் தடுப்பூசியும்

கருங்கல்பாளையத்திலோ அந்தியூரிலோ பிடித்து வந்த மாட்டை நேராகக் கட்டுத்தரையில் சேர்க்காமல் ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள். முதல் நாளே சோப்புக் கரைசல் சோதனை பார்த்துவிடுங்கள். கன்று வீச்சு நோயும் (புருசெல்லோசிஸ்) காசநோயும் பால் வழியாக மனிதருக்கு வரும். மருத்துவரிடம் சொல்லி வீச்சு நோய்க்கு ரத்தச் சோதனையும் காசநோய்க்குத் தோல் சோதனையும் எடுங்கள். வீச்சு நோய்க்குக் கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி, ஆயுளுக்கும் போதும். போடுபவர் கையுறை அணிய வேண்டும், அது மனிதருக்கும் ஒட்டும் உயிருள்ள கிருமி. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொடாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

டிகிரி இல்லை என்று சொன்னால்

பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும் எஸ்.என்.எஃப் 8.3 சதவீதமும் இருக்க வேண்டும். குறைந்தால் உடனே தீவனத்தை மாற்றாமல் வரிசையாகப் பாருங்கள். முதலில் டிகிரி காட்டும் பால்மானி (லாக்டோமீட்டர்). பீச்சிய சூட்டோடு, நுரை அடங்காத பாலில் மானியைப் போட்டால் டிகிரி குறைத்தே காட்டும். ஒரு மணி நேரம் ஆறிய பிறகு, கலக்கிவிட்டுப் பாருங்கள். அடுத்தது சோப்புக் கரைசலில் நாலு காம்பும். மூன்றாவது தண்ணீர். பத்து லிட்டர் கறக்கும் மாடு வெயில் காலத்தில் 80 லிட்டருக்கும் மேல் குடிக்கும். தாழி மதியம் காலியாகக் கிடந்தால் பால் குறையும். நான்காவது தீவனம். உடம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம், தாது உப்பு 50 கிராம். வெறும் தட்டில் நிற்கும் மாட்டுக்கு எஸ்.என்.எஃப் ஏறாது. வேலிமசாலோ அகத்தியோ சேருங்கள். புண்ணாக்கு மட்டும் கூட்டிப் பசுந்தீவனத்தையும் தட்டையும் குறைத்தால் கொழுப்பு இறங்கும், அசைபோட நார் வேண்டும். கடைசியாகக் கூரை. தகரமோ சிமெண்ட் அட்டையோ போட்டிருந்தால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். மாடு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால் அன்றைய தீனியைப் பாதிதான் எடுக்கும், அந்த நாட்களில் அடர்தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள்.